சருகு நிற்கும் கோடு

விடியற்காலை நாலரை மணிக்கு மழை விட்டது. ராத்திரி முழுக்க ஒரு மீன்கூடத் தூண்டிலைத் தொடவில்லை. அம்மா என் கையிலிருந்த டார்ச்சை வாங்கி, தண்ணீருக்கு மேலே தாழ்த்திப் பிடித்து, இடமிருந்து வலமாக மெதுவாக ஓட்டினாள். ஓடை அணைக்குள் வந்து சேரும் வாயிலிருந்து அறுபது அடி தள்ளி, வில் மாதிரி வளைந்த ஒரு கோடு தெரிந்தது. சருகு, நுரை, ஒரு கொட்டாங்குச்சி, யாரோ தொலைத்த ஒற்றைச் செருப்பு, எல்லாம் அந்தக் கோட்டில் வந்து நின்று ஆடிக்கொண்டிருந்தன. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் கலங்கிய செந்தண்ணீர், அந்தப் பக்கம் அணையின் தெளிந்த தண்ணீர்.

“அங்க போடு கண்ணு. கோட்டத் தாண்டி ஒரு முழம்” என்றாள்.

“அங்க எதுக்கும்மா? ஓட வாயிலதான புழுவெல்லாம் வரும்?”

“சருகு நிக்குதுல்ல, அங்கதான் ஓடத்தண்ணி அடியில பூறுது. மேல வர்ற தண்ணியப் பாத்து ஏமாறாத.”

நாங்கள் பண்ணவாடிக் கரைக்கு வந்தது முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு. ஐப்பசி பிறந்து நாலு நாள். மேட்டூர் அணை நிறைந்து கிடந்தது. 1934-இல் கட்டி முடித்த அணை இது, முழுக் கொள்ளளவில் நீர்மட்டம் 120 அடி. அந்த அளவை ஒட்டி நீர் நிற்கும்போது, முழுகிப்போன பழைய பண்ணவாடியின் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் கண்ணுக்குத் தெரியாது. அணை வற்றும் கோடைகளில் மட்டும் அவை வெளியே வந்து வெயில் காயும். அம்மாவின் தாத்தா அந்த முழுகிய ஊர்க்காரர். அதனாலோ என்னவோ, இந்தத் தண்ணீரின் அடியில் எங்கே பள்ளம், எங்கே பழைய ஓடைத் தடம் என்பதெல்லாம் எங்கள் வீட்டில் சொத்து விவரம் போலப் பேசப்படும். வலை போடுவது மாமாவின் வேலை. அம்மாவுக்கு எப்போதும் தூண்டில்தான். அவளிடம் ஒரு மூங்கில் கழி, என்னிடம் ரீல் வைத்த கார்பன் கம்பு. கடலைப் புண்ணாக்கை முந்தின நாளே ஊறப்போட்டு, தவிடும் கொஞ்சம் மைதாவும் சேர்த்து அம்மா பிசைந்து வைத்திருந்தாள்.

எங்களுக்கு வேண்டியது கெண்டை. காலின் பின்சதைக்குக் கெண்டைக்கால் என்று பெயர் வைத்த மொழி நம்முடையது, அந்த மீனின் உருட்டு உடம்பை அவ்வளவு நெருக்கமாகப் பார்த்திருக்கிறார்கள். காவிரிக்கே சொந்தமான கெண்டைகள் பல உண்டு. ஆனால் இன்று அணையில் கூடுதலாகக் கிடைக்கும் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடக்கே கங்கைச் சமவெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை. சாதாக் கெண்டை இன்னும் தூரத்து விருந்தாளி. அது 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்தது. வாயைப் பார்த்தாலே எது எங்கே மேயும் என்று சொல்லிவிடலாம். கட்லாவின் வாய் மேல்நோக்கித் திறக்கும், அது மேல்தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைச் செவுளால் சலித்துத் தின்னும். ரோகு நடுத்தண்ணீர். மிர்காலும் சாதாக் கெண்டையும் தரை மேய்பவை. சாதாக் கெண்டைக்கு வாயோரம் இரண்டு ஜோடி மீசைகள் உண்டு. அந்த மீசை நுனியிலும் உதட்டிலும் சுவை மொட்டுகள் நெருக்கமாக இருப்பதால், கும்மிருட்டில் சேற்றைத் தடவியே எது இரை, எது கல் என்று பிரித்துவிடும்.

சாயங்காலம் காற்றே இல்லை. இரண்டு நாளாக மூட்டம். புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பக்கத்துப் பாறையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், “மேகம் அமுக்குது, காத்தழுத்தம் எறங்குது, இனி மீன் வெறியாக் கடிக்கும்” என்றார். உலகம் முழுக்கத் தூண்டில்காரர்கள் இதைச் சொல்கிறார்கள். மழைக்கு முன் மீன் கடிக்கும் என்பது பல நாள் உண்மைதான். ஆனால் காற்றழுத்தம்தான் அதற்குக் காரணம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கணக்கு ஒத்துவரவில்லை.

கடல்மட்டத்தில் காற்றழுத்தம் சராசரியாக 1013 மில்லிபார். ஒரு மில்லிபார் என்பது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தண்ணீரின் அழுத்தம். இடிமழைக்கு முன் அழுத்தம் சில மில்லிபார் மாறும். பத்து மில்லிபார் இறங்கிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மீனுக்கு அது பத்து சென்டிமீட்டர் மேலே வந்தால் உணரும் மாற்றம், அவ்வளவுதான். மேயும்போது ஒரு நிமிடத்தில் அதைவிடப் பல மடங்கு ஏறி இறங்குகிற மீன் அது. அலை அடிக்கும்போது தலைக்கு மேலே தண்ணீரின் உயரமே அந்த அளவுக்கு மாறிக்கொண்டிருக்கும். போதாததற்கு, நம் வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் மழை இல்லாத நாளிலும் தினம் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது. காலை பத்து மணியிலும் இரவு பத்து மணியிலும் உச்சம், நாலு மணிகளில் பள்ளம். அழுத்தம் இறங்கினால் கடிக்கும் என்றால் கெண்டை தினமும் மணி பார்த்துக் கடிக்க வேண்டும். இடிமழையோடு வருகிற மற்ற மாற்றங்களில்தான் காரணத்தைத் தேட வேண்டும்: வெளிச்சம், காற்று, வெப்பம், உயிர்வளி, ஓடைத்தண்ணீர்.

அம்மா அழுத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவள் கவலையெல்லாம் தூக்குச்சட்டியில் இருந்தது. புளிச்சோறு கொண்டுவந்த எவர்சில்வர் தூக்கை நான் ‘ணங்’கென்று பாறையில் வைத்ததும், “தூக்க மண்ணுல வை, பாறைல வைக்காத” என்று அதட்டினாள். அதே சமயம் நாங்கள் சத்தமாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்ததை அவள் தடுக்கவே இல்லை. சின்ன வயதில் இது எனக்கு முரணாகப் பட்டது. பேச்சுக்குப் போகாத மீனா பாத்திரச் சத்தத்துக்குப் போகும்?

அம்மா சொன்னது இயற்பியலோடு அப்படியே பொருந்துகிறது. காற்றில் வரும் ஒலி நீர்ப்பரப்பில் பட்டதும், ஆயிரத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் உள்ளே நுழைகிறது, மீதியெல்லாம் திரும்பிவிடுகிறது. பாறையில் விழும் அடி அப்படி இல்லை. பாறையும் தண்ணீரும் ஒட்டியே இருப்பதால் அதிர்வு நேராக உள்ளே இறங்கும், அதுவும் தண்ணீரில் வினாடிக்குச் சுமார் 1480 மீட்டர் வேகத்தில், காற்றில் போவதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல்.

அதைக் கேட்கும் காது கெண்டைக்கு மிக நுட்பமானது. மறுநாள் மதியம் வீட்டில் மீன் அறுக்கும்போது அம்மா அந்தக் கருவியின் ஒரு பாதியை என் மகள் கையில் கொடுத்தாள். இடுப்பு சுருங்கிய பலூன் போல, வெள்ளை வெளேரென்று இரட்டை அறைக் காற்றுப்பை. நாங்கள் சின்ன வயதில் காலில் போட்டு மிதித்து ‘பட்’டென்று வெடிக்க வைத்த அதே பை. மீன் மிதக்க உதவும் இந்தப் பை, கெண்டை இனத்தில் முரசின் தோலாகவும் வேலை செய்கிறது. தண்ணீரில் ஒலி வந்தால் பை அதிரும். அந்த அதிர்வை முதுகெலும்பின் முன்பகுதியில் உள்ள குட்டி எலும்புச் சங்கிலி ஒன்று உள்காதுக்குக் கடத்தும். 1820-இல் இதை விவரித்த ஜெர்மானிய உடற்கூறு அறிஞர் எர்ன்ஸ்ட் வெபரின் பெயரால் அவற்றை வெபர் எலும்புகள் என்கிறோம். கெண்டையும் கெளுத்தியும் இந்த வகையில் ஒரே சாதி. தேனீக்களின் நடன மொழியைப் படித்ததற்காகப் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கார்ல் ஃபான் ஃபிரிஷ், கண் தெரியாத ஒரு கெளுத்தி விசில் சத்தத்துக்கு இரை தேடி வருவதை 1923-இல் எழுதிக் காட்டினார். அதுவரை மீனுக்குக் காது கேட்குமா என்பதே விவாதமாக இருந்தது.

ஆனால் அந்தக் காதுக்கும் ஒரு மேல் எல்லை உண்டு. வினாடிக்குச் சுமார் 3000 அதிர்வுகளுக்கு மேல் கெண்டைக்குச் சரியாகக் கேட்காது. சாரல் துளி தண்ணீரில் விழும்போது அதற்கடியில் ஒரு நுண்குமிழி சிக்கி மணிபோல ஒலிக்கிறது, அதன் சுருதி வினாடிக்கு ஏறக்குறைய 15,000 அதிர்வு. நம் காதுக்கு எட்டும், கெண்டைக்கு எட்டாது. ஆக, எட்டரை மணிக்கு முதல் சாரல் விழுந்தபோது அந்தக் கருவிக்கு எதுவுமே தொடங்கியிருக்கவில்லை. அரைமணி கழித்துப் பெருந்துளிகள் இறங்கின. அவை பெரிய குமிழிகளை உண்டாக்கும், சத்தம் தாழ்ந்த சுருதிகளுக்கும் பரவும். அப்போதுதான் அடியில் இரைச்சல் நிறைந்திருக்கும்.

இடி அதற்கு முன்பே வந்துவிட்டது. தோணிமடுவுப் பக்கம் மலை ஒருமுறை வெளுத்தது. “எண்ணு சாமி” என்றாள் அம்மா. எண்ணினேன். பதினெட்டில் இடித்தது. ஒலி ஒரு கிலோமீட்டர் போக மூன்று வினாடி ஆகும், எனவே மின்னல் ஆறு கிலோமீட்டர் தொலைவில். இது ரொம்பக் கிட்டம். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் வெட்டவெளியை விட்டுப் போய்விட வேண்டும், கடைசி இடி கேட்டு அரைமணி ஆகும்வரை திரும்பக் கூடாது. கரையில் நிற்கிறவன்தான் அந்த இடத்திலேயே உயரமான பொருள். கையில் கார்பன் கம்பு வேறு. கார்பன் இழை மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். நனைந்த மூங்கிலையும் நம்ப முடியாது. கம்புகளைத் தரையில் படுக்கப் போட்டோம். பாறைப் பெரியவர் புளியமரத்தடிக்குப் போகக் கிளம்பினார். அம்மா அவர் கையைப் பிடித்தே இழுத்துவந்து தம்பியின் மினிவேனில் ஏற்றினாள். மரத்தில் இறங்கும் மின்னல் பக்கத்தில் நிற்பவர் மேல் தாவும், வேர் வழியாகத் தரையிலும் பரவும். நான்கு பக்கமும் இரும்புத் தகடு மூடிய வண்டிக்குள் இருந்தால், மின்னல் தகட்டின் வெளிப்பக்கமாகவே ஓடி மண்ணுக்குப் போய்விடும். வயல்வெளியிலும் ஏரிக்கரையிலும் ஒவ்வொரு மழைக்காலமும் மனிதர்கள் மின்னலுக்குச் சாகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யாருக்காகவும் கூச்சப்படக் கூடாது, கையைப் பிடித்து இழுக்கத்தான் வேண்டும்.

வண்டிக்குள் மூன்று பேரும் குளிரில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தோம். காற்று வண்டியையே ஆட்டியது. அம்மா முந்தானையைப் பிழிந்து தலையைத் துவட்டிக்கொண்டே, “இன்னிக்குத் தண்ணி மொத்தமும் பொரளுது. காலைல கடிக்கும்” என்றாள். பெரியவர் தூங்கிப்போனார். எனக்குத் தூக்கம் வரவில்லை. சாயங்காலமே ஏன் கடிக்கவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தோன்றும் முதல் காரணம், மூச்சு. ஒரு லிட்டர் காற்றில் முந்நூறு மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாக உயிர்வளி இருக்கும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் வைத்திருக்கக்கூடியது ஏழரை மில்லிகிராம்தான், 20 டிகிரியில் ஒன்பது. தண்ணீர் சூடாகச் சூடாக மீனின் தேவை கூடும், இருப்போ குறையும். பகலில் பாசி உயிர்வளியைத் தரும், இரவில் பாசியும் அதையே மூச்சாக இழுக்கும். அதனால் விடியலுக்குச் சற்று முன்னால்தான் குளத்தில் உயிர்வளி மிகக் குறைவு. இரண்டு நாள் மூட்டம் போட்டு, காற்றும் அசையாமல் இருந்தால் பகல் வரவு குறைந்து இரவுச் செலவு மட்டும் நடக்கும். மீன் பண்ணைக்காரர்கள் இப்படிப்பட்ட விடியல்களுக்குத்தான் பயப்படுவார்கள், மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து தவிக்கும். மேட்டூர் போன்ற பெரிய நீர்த்தேக்கத்தில் அந்த அளவுக்குப் போகாது. ஆனால் நாங்கள் உட்கார்ந்திருந்தது ஆழமில்லாத, பாசி பிடித்த ஒரு ஒதுக்கம். செரிமானத்துக்குக் கூடுதல் உயிர்வளி வேண்டும் என்பதால், மூச்சு முட்டும் மீன் முதலில் விடுவது தீனியை.

புயல்காற்று அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டது. அலையும் நுரையும் காற்றைத் தண்ணீருக்குள் இழுத்தன. ஓடை குளிர்ந்த புதுத்தண்ணீரைக் கொண்டுவந்தது. அந்த நாலரை மணிக் கோடு அப்படித்தான் உருவானது.

28 டிகிரியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தண்ணீரைவிட 24 டிகிரியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் ஒரு கிலோ கூடுதல் எடை. கேட்க அற்பமாக இருக்கும். மழையில் குளிர்ந்த ஓடைத்தண்ணீருக்கு இந்த ஒரு கிலோ போதும். அதோடு லிட்டருக்கு ஒரு கிராம் மண் கரைந்து வந்தாலே இன்னும் அரைக் கிலோவுக்கு மேல் எடை கூடிவிடும். கனத்த தண்ணீர் லேசான தண்ணீரின் மேல் நிற்காது. வந்த வேகத்தில் கொஞ்ச தூரம் அணைத்தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும். வேகம் தளரும் இடத்தில் எடை ஜெயித்து, தலைகுப்புற அடியில் மூழ்கிவிடும். அதற்குப் பிறகு தரையை ஒட்டி, பழைய ஓடைத் தடத்திலேயே, மேலே யாருக்கும் தெரியாமல் ஒரு ஆறாக ஓடும். மூழ்கும்போது அது பக்கத்துத் தண்ணீரையும் உள்ளே இழுப்பதால், அணைப்பக்க மேல்தண்ணீர் கோட்டை நோக்கித் திரும்பி வருகிறது. இரண்டு பக்கத்திலிருந்தும் தண்ணீர் வந்து சேர்ந்து கீழே இறங்குகிறது. மிதக்கிற சருகால் இறங்க முடியாது, எனவே அங்கேயே நிற்கிறது.

ஜெனீவா ஏரியில் ரோன் ஆறு இப்படி மூழ்குவதையும், ஏரிக்கடியில் அது ஒரு பள்ளத்தாக்கையே வைத்திருப்பதையும் சுவிட்சர்லாந்தின் ஃபோரெல் 1885-இல் எழுதினார். ஏரிகளைப் பற்றிய அறிவியலுக்கு அவரைத்தான் தந்தை என்கிறார்கள். அமெரிக்காவில் ஹூவர் அணை நிரம்பத் தொடங்கிய 1935-இல், மேலே தெளிவாகக் கிடந்த நீர்த்தேக்கத்தின் அடி மதகிலிருந்து சேற்றுத் தண்ணீர் வெளியே வந்தது. வெகு தொலைவில் உள்ளே நுழைந்த கலங்கல், தெளிந்த தண்ணீரோடு கலக்காமல் அடியிலேயே ஊர்ந்து அணைச்சுவர் வரை வந்திருந்தது. அணைகள் ஏன் தூர்ந்துபோகின்றன, வண்டலை எப்படி அடி மதகு வழியே வெளியேற்றலாம் என்ற ஆராய்ச்சிக்கெல்லாம் இந்த அடியோட்டம் இன்றும் முக்கியம்.

கெண்டைக்கு அது பந்தி. மண்புழு, பூச்சி, தானியம், இலை மக்கிய சாறு எல்லாம் அந்த அடியாற்றில் வருகின்றன. குளிர்ச்சியும் உயிர்வளியும் கூடவே வருகின்றன. கலங்கல் மறைவும் தருகிறது. கரையோரச் செந்தண்ணீரில் ஓட்டத்தை எதிர்த்து நிற்க மீன் ஆற்றலைச் செலவழிக்க வேண்டும். கோட்டைத் தாண்டி, ஓட்டம் தரையில் படிந்து தளரும் இடத்தில் சும்மா நின்று வாங்கிக்கொள்ளலாம். அம்மா அந்த ஒரு முழத்தைக் கேட்டது இதற்குத்தான்.

வீசினேன். ஈயக்குண்டு இறங்கி, தங்கூசி நரம்பு தளர்ந்து நின்றது. பத்து நிமிடம் போயிருக்கும். கம்பின் நுனி இரண்டு முறை தலையாட்டி, பிறகு வில்லாக வளைந்தது. கால்மணி நேரம் இழுத்துப் பிடித்துக் கரையில் சேர்த்தபோது, டார்ச் வெளிச்சத்தில் பித்தளை நிறத்தில் ஒரு சாதாக் கெண்டை, நாலு கிலோவுக்குக் குறையாது. முள்ளை எடுக்கும்போது அதன் வாய் குழாய் போல முன்னால் நீண்டு, மறுபடி உள்ளே மடங்கியது. உதட்டோரம் செம்மண். நாலு மீசையும் மழைத்துளி பட்டாற்போல் துடித்துக்கொண்டிருந்தன.

அதற்கடுத்துச் சின்னக் கெண்டை ஒன்று மாட்டியது. உள்ளங்கை நீளம்தான், முள் செவுளோரம் கீறிவிட்டது. நான் அங்கேயே விடப்போனேன். அம்மா அதை வாங்கி, ஐம்பது அடி நடந்து, பாறைக்கு மறுபுறம் தண்ணீரில் விட்டாள். “கீறுன மீன இங்க விட்டா மத்ததெல்லாம் ஓடிரும்.” காரணம் கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அதே ஃபான் ஃபிரிஷ் 1930-களில் கெண்டைக் குடும்பத்துச் சிறுமீன்களிடம் இதைத்தான் கண்டுபிடித்தார். தோல் கிழிந்ததும் அதன் சிறப்புச் செல்களிலிருந்து ஒரு பொருள் தண்ணீரில் கசியும், அதன் வாடை பட்டதும் கூட்டத்து மீன்கள் மிரண்டு கலையும்.

அன்று மதியம் பெரிய மீனை அறுத்தபோது இன்னும் இரண்டு விஷயம் பார்த்தோம். அதன் தொண்டைக்குள், நம் கடைவாய்ப் பல் போலத் தட்டையான பற்கள் வரிசையாக. நத்தை ஓட்டை நொறுக்கும் பற்கள் அவை. வாயில் ஒரு பல்கூட இல்லை. குடலில் நொறுங்கிய ஓடும் புழுவும் இருந்தன, ஆனால் இரைப்பை என்று தனியாக எதுவும் இல்லை. கெண்டைக் குடும்பத்துக்கே இரைப்பை கிடையாது. ஒரே வேளையில் நிறையத் தின்று சேர்த்துவைக்க முடியாததால்தான் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்கிறது. பித்தப்பையை அம்மா உடையாமல் கிள்ளி எடுத்து மண்ணில் புதைத்தாள், கசக்கும் என்று. கசப்போடு போகிற காரியம் இல்லை அது. ரோகு, புல் கெண்டை போன்றவற்றின் பித்தத்தில் உள்ள நஞ்சு சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும், சமைத்தாலும் போகாது. சர்க்கரை நோய்க்கும் கண்பார்வைக்கும் நல்லது என்று யாரோ சொன்னதை நம்பி அதை விழுங்கி, சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றி நம் நாட்டு மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். யார் சொன்னாலும் வாயில் வைக்காதீர்கள்.

கரையில் நாங்கள் ஏழரை மணிவரை இருந்தோம். வெயில் ஏறியது. ஓடையில் வரத்துக் குறையத் தொடங்கியிருந்தது. தள்ளும் வேகம் குறைந்தால் தண்ணீர் முன்னைவிட ஆழம் குறைந்த இடத்திலேயே மூழ்கிவிடும் என்பதால் கோடும் கரையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. முதலில் செருப்பு வந்தது, பிறகு கொட்டாங்குச்சி, பிறகு சருகு வரிசை. இருபது அடி தூரத்துக்கு அது வந்ததும் அம்மா எழுந்து சேலையைச் செருகிக்கொண்டாள். மாவை உருட்டி முள்ளில் ஏற்றினாள். ராத்திரி முழுக்கத் தொடாத மூங்கில் கழியை எடுத்து, கோட்டைத் தாண்டி ஒரு முழத்தில் போட்டாள்.